ஆவடி சோஷலிசமும் சிகரெட் அட்டை முதலாளிகளும்

ஆவடின்னதும் பலருக்கு டாங்கி ஃபேக்டரிதான் ஞாபகம் வரும். ஆனால் வரலாற்றுப் புத்தகங்களில் இந்த ஊர் இடம் பிடித்தது வேறு காரணத்துக்காக. ஜனவரி 1955-ல் காங்கிரஸின் 60-வது மாநாடு இங்கேதான் நடந்தது. தலைவர் யு.என்.தேபர். பிரதமர் நேரு, முதலமைச்சர் காமராஜர். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது இந்த மாநாட்டில்தான். முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் கையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கணும், நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்படணும் என்பது அதன் சாரம்.

30 சொச்சம் வருஷம் கழித்து அதே ஆவடியில், டிராயர் போட்ட நாங்கள் பக்கா முதலாளித்துவம் நடத்திக்கிட்டிருந்தோம். எங்கள் கரன்சி, சிகரெட் அட்டை.

தெரியாதவர்களுக்கு: பெட்டிக்கடை வாசலில் கிடக்கும் காலி சிகரெட் பாக்கெட்டைப் பொறுக்கி, முகப்பைக் கிழித்துச் சேர்க்கணும். தெருவெல்லாம் இறைந்து கிடக்கும் சார்மினார், சிஸர்ஸ் எல்லாம் அடிமட்டம். யார் வீட்டுக்காவது வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து 555 அட்டை கிடைத்தால் அதுக்கு மதிப்பு ஆயிரம். வட்டத்துக்குள் அட்டைகளை வைத்து, சில்லுக்கல்லால் அடித்து வெளியே தள்ளினால் அவை நமக்கு. ரிசர்வ் வங்கி கிடையாது. எது அரிதோ அதுக்கு விலை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இன்று கோடிகளில் விலை போகும் பேஸ்பால் அட்டைகளின் பூர்வீகமும் சிகரெட் பாக்கெட்தான். 1880-களில் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். சும்மா வைப்பானேன் என்று அதில் ஆட்டக்காரர் படத்தை அச்சடித்தார்கள். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909-லிருந்து 1911 வரை வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை சீக்கிரமே நிறுத்தப்பட்டது. அதனால் மிஞ்சியவை மிகக் கொஞ்சம். 2022-ல் அதில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குப் போனது. இதில் வேடிக்கை, அந்தக் கம்பெனியே ஒரு பெரிய ஏகபோகம். 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைப் பல துண்டாகப் பிரிக்கச் சொன்னது. கம்பெனியைப் பங்கு போட முடிந்தது, அட்டையை முடியவில்லை!

டாப்ஸ் நிறுவனத்தின் 1952 மிக்கி மேன்டில் அட்டை இன்னும் மேலே. 2022-ல் 1.26 கோடி டாலர், நம்ம கணக்கில் சுமார் 100 கோடி ரூபாய். அந்த வருஷத்து அட்டைகளில் விற்காமல் தேங்கியதை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அதை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பழைய அட்டைகளின் விலை ஏறுவதைப் பார்த்து 80-களின் கடைசியில் அமெரிக்கர்கள் அட்டைகளைப் பொத்திப் பொத்திச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. முடிவு? எல்லார் வீட்டுப் பரணிலும் பெட்டி பெட்டியாக இருக்கிறது, பெரும்பாலானதை வாங்க நாதியில்லை. ஆக, அட்டையில் செல்வத்தைப் பரவலாக்கினால் செல்வமே காலி.

அப்போ ஆவடித் தீர்மானம் தோற்றதா? இங்கேதான் எங்கள் தெரு உதவிக்கு வருகிறது.

சிகரெட் அட்டை ஆட்டத்தில் ஒரு பிரச்சினை உண்டு. குறி தப்பாத ஒருத்தன் ரெண்டே வாரத்தில் எல்லார் அட்டையையும் ஜெயித்துவிடுவான். பிறகு அவனோடு ஆட யாரிடமும் அட்டை இருக்காது. பை நிறைய அட்டையோடு தனியாக உட்கார்ந்திருப்பான். ரெண்டு நாள் பார்ப்பான், மூணாம் நாள் அவனே கடன் கொடுப்பான். இல்லையென்றால் ஒரு கைப்பிடி அள்ளிச் சூறை விடுவான். பிள்ளையார் கோவில் சிதறு தேங்காய்க்குப் பாய்வதுபோல நாங்கள் பாய்வோம். ஆட்டம் திரும்பத் தொடங்கும்.

1934 முதல் 1948 வரை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த மாரினர் எக்கிள்ஸ், 1951-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் 1930-களின் பெருமந்தத்தை இப்படித்தான் விளக்குகிறார். சீட்டாட்டத்தில் சில்லுகள் எல்லாம் ஒரு சிலர் கையில் குவிந்துவிட்டால் மற்றவர்கள் கடன் வாங்கித்தான் ஆட முடியும். கடன் தீர்ந்ததும் ஆட்டமும் நின்றுபோகும். சொன்னவர் புரட்சிக்காரர் இல்லை, வங்கி நடத்தியவர்.

90-களில் வந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப் ட்ரம்ப் கார்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆரம்பத்தில் எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்போம். எடையில் யோகோசூனாவை இறக்கியே ஒருத்தன் மொத்தக் கட்டையும் வாரிவிடுவான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் கலைத்து, மறுபடி சமமாகப் பிரிக்கணும். ஜெயித்தவன் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை.

அரிதாக இருந்தால்தான் அட்டைக்கு விலை. ஆனால் எல்லார் கையிலும் நாலு அட்டையாவது இருந்தால்தான் ஆட்டம். 1955-ல் ஆவடிப் பந்தலில் பேசியது ரெண்டாவதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.