குஷிங் பரிசு பிறந்த கதை

இயற்பியலின் தத்துவத்தை ஆராயும் இளைஞர்களுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. இயற்பியல் துறைக்குப் போனால் 'இது தத்துவமாச்சே' என்பார்கள். தத்துவத் துறைக்குப் போனால் 'இத்தனை சமன்பாடா?' என்பார்கள். அப்படிப்பட்டவர்களை ஊக்குவிக்கவே ஒரு பரிசு இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகம் அதை வழங்குகிறது. பெயர், ஜேம்ஸ் டி. குஷிங் நினைவுப் பரிசு.

குஷிங் அங்கே இயற்பியல், தத்துவம் இரண்டுக்கும் பேராசிரியராக இருந்தவர். துகள் இயற்பியலில் தொடங்கியவர். 1960களில் அத்துறையில், துகள் மோதல்களை விவரிக்கும் எஸ்-மேட்ரிக்ஸ் கொள்கை கொடிகட்டிப் பறந்தது. 1970களில் குவாண்டம் புலக் கோட்பாடு மறுபடி தலைதூக்க, அது ஓரங்கட்டப்பட்டது. கெட்டிக்காரர்கள் பலர் நம்பிய கொள்கை எப்படி மவுசு இழந்தது? அதை அலசி 1990இல் ஒரு நூலே எழுதினார்.

1994இல் வந்த நூலில் குவாண்டம் இயற்பியலின் வரலாற்றைக் கிளறி இன்னும் பெரிய வம்பை இழுத்தார். 1927இல் பிரஸ்ஸல்ஸில் இயற்பியலாளர்கள் கூடிய சோல்வே மாநாட்டில், துகளை ஓர் அலை வழிநடத்துகிறது என்றார் லூயி டி பிராய். சக இயற்பியலாளர் பவுலி மடக்கிக் கேள்வி கேட்டார், ஆதரவுக்கு ஆளில்லை. சீக்கிரமே டி பிராய் அந்தக் கருத்தைக் கைவிட்டார். நீல்ஸ் போர், ஹைசன்பர்க் தரப்பு குவாண்டம் இயற்பியலுக்குத் தந்த கோபன்ஹேகன் விளக்கம் பாடநூல்களைப் பிடித்துக்கொண்டது. 1952இல் டேவிட் போம் அதே அலையை மீட்டு, பவுலியின் ஆட்சேபத்துக்கும் பதில் சொன்னார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் அவர் அமெரிக்காவின் கம்யூனிச வேட்டையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வேலையை இழந்து பிரேசிலில் இருந்தார்.

இரு விளக்கங்களும் சோதனைக்கு ஒரே விடையைத்தான் தருகின்றன. அப்படியானால் வெற்றியைத் தீர்மானித்தது எது? யார் முந்திக்கொண்டார்கள், யார் பேச்சு எடுபட்டது என்பதற்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்றார் குஷிங். 1927இல் காற்று வேறு பக்கம் வீசியிருந்தால், இன்று மாணவர்கள் படிப்பது போமின் விளக்கமாகவே இருந்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

2002இல் குஷிங் மறைந்தார். அவர் நினைவாகப் பிறந்த பரிசு, இயற்பியலின் வரலாறு, தத்துவம் பற்றிய ஆய்வுக் கட்டுரைக்கு வழங்கப்படுகிறது. ஆய்வு மாணவர்களும் அண்மையில் முனைவர் பட்டம் பெற்றவர்களும்தான் அதற்குத் தகுதி. வென்றவர் நோட்டர் டேமில் ஓர் உரை நிகழ்த்த அழைக்கப்படுகிறார்.

குஷிங்கின் வாதத்தை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் தொடக்கத்திலேயே காதுகொடுத்துக் கேட்க ஆளில்லாவிட்டால் நல்ல கொள்கையும் முடங்கிப்போகும் என்று காட்டியவர் அவர். அவர் பேரிலான பரிசு பழம் தின்று கொட்டை போட்ட பேராசிரியர்களுக்குப் போயிருந்தால்தான் பொருந்தாமல் இருந்திருக்கும்.