விக்டோரியா பொது மண்டபமும் இருமொழி நாடக மேடையும்

சித்தூரில் இராம விலாச சபை என்னும் நாடகக் குழு ஒன்று இயங்கியது. சென்னையில் சுகுண விலாச சபை. பல்லாரியில் சரச வினோதினி சபை. முன்னது தெலுங்கு மேடை, அடுத்தது பெரிதும் தமிழ் மேடை, பின்னது மீண்டும் தெலுங்கு. எனினும் மூன்று பெயர்களும் வடமொழித் தொகை ஒன்றைச் 'சபை'யோடு இணைத்த ஒரே வார்ப்பில் அமைந்தவை. இவ்வொற்றுமையின் பின்னணியை அறியச் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

சென்ட்ரல் இரயில் நிலையத்தருகே, ரிப்பன் மாளிகையை அடுத்து நிற்கும் இச்செங்கல் மண்டபத்திற்கு 1883ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி. வடிவமைத்தவர் இராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். நகர மண்டபமாகவே கருதப்பெற்ற இது நாடக அரங்காகப் புகழ்பெற்றமைக்குத் தெலுங்கு நாடகமே வித்திட்டது எனலாம்.

1891இல் பல்லாரி வழக்கறிஞர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியாரின் குழு இங்கு நாடகமாடியது. தமிழ் நாடகங்களை வெறுத்திருந்த பதினெட்டு வயது பம்மல் சம்பந்தம் அவற்றைக் கண்டார். கற்றோரும் பதவியில் உள்ளோரும் வேடம் புனைவது அவருக்குப் புதுமையாக இருந்தது. 'கூத்தாடி' என்னும் சொல் வசையாக வழங்கிய காலம் அது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்று நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். இச்செய்தியை அவரே 'நாடக மேடை நினைவுகள்' நூலில் பதிவுசெய்துள்ளார். நம் நாடக வரலாறுகளோ இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

தாக்கம் சபை அமைப்போடு நின்றுவிடவில்லை. சாரங்கதரன் கதையைக் கிருஷ்ணமாச்சாரியார் 'விஷாத சாரங்கதர' என அவலநாடகமாக்கினார்; சம்பந்த முதலியாரும் அக்கதையைத் தமிழில் நாடகமாக எழுதினார். சித்தூர் மேடையிலும் அக்கதை நடிக்கப்பெற்றது. அம்மேடையில் பயின்ற சித்தூர் வி. நாகையா, 1941இல் வெளிவந்த 'அசோக்குமார்' தமிழ்ப் படத்தில் அசோகனாக நடித்தார். சிற்றன்னையின் பொருந்தாக் காதலால் இளவரசன் துன்புறும் அக்குணாளன் கதை, சாரங்கதரன் கதைக்கு உறவுடையதே.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க பகுதி சம்பந்த முதலியாரின் ஷேக்ஸ்பியர் தழுவல்களாகும். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான்; மக்பெத் 'மகபதி' ஆனான்; வெனிஸ் நகர் 'வாணீபுரம்' ஆயிற்று. மூலத்தின் ஒலிச்சாயல் காக்கப்படுகிறது. சொல்லோ வடமொழித் தொகையாகப் பொருள் தருகிறது. செவிவழிக் கேட்கும் அவையோருக்கு அயன்மை தோன்றாதிருக்க இம்முறை உதவியிருத்தல் கூடும். தூய தமிழ் நோக்கில் இதனைக் குறைகூறுவோர் உளர். ஆனால் தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் ஒருங்கே விளங்கிய பொதுச்சொல் வளத்திலிருந்தே இப்பெயர்கள் பிறந்தன என்பது மறத்தற்குரியதன்று. அச்சபை தமிழோடு தெலுங்கு நாடகங்களையும் மேடையேற்றியது.

1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதனுள் அடங்கியது; பல்லாரி மைசூரைச் சேர்ந்தது; மண்டபம் சென்னையில் நின்றது. வரலாற்று நூல்களும் அவ்வாறே பிரிந்தன. தெலுங்கில் கிருஷ்ணமாச்சாரியார் 'ஆந்திர நாடகப் பிதாமகர்'; தமிழில் சம்பந்த முதலியார் நாடகத் தந்தை. பாட்டனுக்குரிய பட்டம் ஒருவருக்கும் தந்தைக்குரியது மற்றவருக்கும் அமைந்தது தற்செயலே ஆயினும் சுவையானது.

மாநகராட்சி 2023இல் மண்டபத்தைப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கியது. உரையாடல்களைப் புதுப்பிக்கும் பணி ஆய்வாளருடையது: இரு சாரங்கதர நாடகங்களையும் அருகருகே வைத்து, விளிச்சொற்கள், தொகைகள், உரைநடைத் தொடரமைப்பு ஆகியவற்றை முதலில் ஒப்பிடல் வேண்டும்.