தலையைக் குனியச் சொன்ன பாடம்

எங்க பக்கத்தில் சேரிப் பொண்ணுகளுக்கு வேலைக்குப் போகும் முன்னாலேயே பயிற்சி ஆரம்பித்துவிடும். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வேவிக்கிற களத்துக்கு எங்கம்மா என்னை முதல்நாள் கூட்டிக்கொண்டு போனபோது சொன்னது இது: "கண்ணு, தனியா நிக்காத. தலையக் குனிஞ்சுக்க. யாராச்சும் ஏதாச்சும் சொன்னா காதுல விழாத மாதிரி வந்துரு."

அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அது. ஆனால் அந்தப் பாடத்தைத் திருப்பிப் பாருங்கள். கைநீட்டுகிறவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது. முழுப் பாடமும் அடிபடுகிறவளுக்குத்தான்.

இன்றைக்கு அதே சேரிக்கு விடியும் முன்னால் மில் வேன் வருகிறது. மில்லில் 'பணியிட வன்முறை தடுப்புப் பயிற்சி' என்று ஒரு நாள் உட்கார வைக்கிறார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பேசியவர் உடையைப் பற்றிச் சொன்னார், செல்போனைப் பற்றிச் சொன்னார். கடைசியில் ஒரு பொண்ணு எழுந்து கேட்டது: "புகார் எழுதினா சூப்பர்வைசர் கையிலதானுங்களே குடுக்கணும்? அவரு மேலதானுங்க புகாரே!" பேசியவர் நேரமாகிவிட்டது என்றார். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இந்தப் பயிற்சி சட்டத்துக்குள் வந்த கதையைத் தெரிந்துகொள்ள ராஜஸ்தான் வரைக்கும் போக வேண்டும். ஜெய்ப்பூர் பக்கம் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்தவர் பன்வாரி தேவி, குயவர் சாதிப் பெண். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் பயிற்சி பெற்று 'சாத்தின்' என்கிற ஊழியராக வேலை பார்த்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்காகவே 1992 செப்டம்பரில் ஊரின் ஆதிக்கசாதி ஆண்கள் அவரை வன்புணர்ந்தார்கள். 1995இல் கீழ்க்கோர்ட்டு அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பன்வாரிக்குப் பயிற்சியில் குறை ஒன்றும் இல்லை. கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார். அடி விழுந்தபோது முதுகுக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை என்பதுதான் குறை.

அந்த வழக்கின் பின்னணியில் பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றம் போயின. 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம் வந்தது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள் குழு வேண்டும், தொழிலாளருக்கு விழிப்புணர்வுப் பயிற்சி தர வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட அல்லது சிறுபான்மைப் பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆலைக்குள் இருக்கும் குழுவுக்கு அந்த விதி இல்லை. வாசலோடு சாதி நின்றுவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ!

நிற்கவில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஜெயஸ்ரீ கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். சட்டம் வந்து அப்போது ஏழு வருசம். ஜெயஸ்ரீயின் குடும்பமும், அவர் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஓயவில்லை. தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் அது. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் நிறுவனம் சங்கத்தோடு கையெழுத்துப் போட்டது. அங்கே துணி வாங்கிய எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் தம் பங்குக்குக் கட்டுப்பட்டன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று அதற்குப் பெயர்.

அதில் பயிற்சியின் திசையே மாறியது. தொழிலாளிக்கு மட்டுமல்ல, மேற்பார்வையாளருக்கும் மேலாளருக்கும் பயிற்சி உண்டு. தொழிலாளிகளிலிருந்தே 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கண்காணிப்பாளர்களைச் சங்கம் எடுத்துப் பயிற்றுவித்தது. கெட்ட வார்த்தை விழும்போதே அதைக் கவனித்துச் சொல்வது அவர்கள் வேலை. கை நீளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது. சாதியால் வரும் பாகுபாடு என்று பெயர் சொல்லியே தடை எழுதப்பட்டது. ஆலை மீறினால் வியாபாரத்தில் அடி விழும்.

ஒரு பொண்ணு செத்த பிறகுதான் இது கிடைத்தது. அதுவும் எல்லா மில்லுக்கும் அல்ல, ஒரு ஒப்பந்தத்துக்குள் வந்த ஆலைகளுக்கு. மஞ்சள் களத்தில் சங்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அங்கே வேலை கொடுக்கிறவர் எந்தப் பயிற்சிக்கும் வந்து உட்கார்ந்ததில்லை.

போன மாசம் எங்க தெருவில் மில் வேனுக்கு நின்ற பொண்ணுகளோடு பேசிக்கொண்டிருந்தேன். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவள் பேரு, இதை அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள் என்றேன். திண்ணையில் இருந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். வேன் போன பிறகு சொன்னாள்: "எழுதுறதுக்குக் குனிஞ்சா தப்பில்ல கண்ணு. நானும் ரெண்டு மூணு பேரு சொல்றேன், எழுதிக்க."