ஆச்சியின் பெட்டியில் ஒரு பாடி: பழைய உள்ளாடைக்கு வயது கண்டுபிடிப்பது எப்படி?

தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம் நண்பர்களே! பானை ஓட்டுக்கும் செப்புக் காசுக்கும் வயது சொல்லும் நாம், நம் வீட்டுப் பெண்கள் உடம்போடு ஒட்டி அணிந்த துணிக்கு ஏன் சொல்வதில்லை என்ற கேள்வியில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

போன விடுமுறையில் தூத்துக்குடி வீட்டில் ஆச்சியின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். பட்டுச் சேலைகளுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே ரேந்தை வைத்துத் தைத்த வெள்ளைப் பருத்தி பாடி ஒன்று. "ஏட்டி, அதப் போயி எதுக்கு வெளிய எடுக்க? அடுப்புல போடு" என்றார் அத்தை. பிறகு அவரே, "அம்மா கல்யாணத்துக்கு வாங்கினதா இருக்கும், நாப்பத்தெட்டுல" என்றார். அது சரியா என்று பார்க்க உட்கார்ந்தேன். துணிகளைச் சேர்த்து வைக்க விரும்பும் யாருக்கும் பயன்படும் என்பதால் முறையை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு

மேலாடை என்பது நம் தெற்குச் சீமையில் வெறும் துணி இல்லை, உரிமை. பக்கத்துத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தக் கூடாது என்று தடை இருந்தது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1813இல் கர்னல் மன்றோ உத்தரவிட்டார். ஆனாலும் கலவரங்கள் ஓயவில்லை. 1859 ஜூலை 26 அன்று வந்த மன்னரின் பிரகடனம்தான் மேலாடைக்கு வழிவிட்டது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு! அதனால் இந்தப் பகுதியில் ஒரு பழைய ரவிக்கையோ பாடியோ கிடைத்தால் அதை அடுப்பில் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

எங்கள் கடற்கரை இந்த வரலாற்றுக்குச் சொற்களையும் தந்திருக்கிறது. ரேந்தை என்பது போர்த்துகீசிய 'ரெந்தா'. பொத்தானும் போர்த்துகீசியச் சொல்தான். முத்துக் குளித்துறைக்கு வந்தவர்கள் விட்டுப் போனவை.

இரண்டு வகை அடையாளங்கள்

வயது சொல்வதில் அடிப்படை விதி ஒன்றுதான். சில அடையாளங்கள் "இதற்கு முன்னால் இருக்கவே முடியாது" என்று உறுதியாகச் சொல்லும். சில "பெரும்பாலும் இதற்கு முன்னால்தான்" என்று மட்டும் சொல்லும். முதல் வகையை நம்பலாம். இரண்டாவதை இன்னொரு சாட்சி இல்லாமல் நம்பக் கூடாது.

நூலிழை: நைலான் 1938இல் அறிவிக்கப்பட்டது. பாலியஸ்டர் 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நன்றாக இழுபடும் ஸ்பாண்டெக்ஸ் 1958இல் அமெரிக்காவில் உருவானது. துணியில் இவை இருந்தால் அந்த வருடங்களுக்கு முந்தையது இல்லை. தையலில் பிரிந்து நிற்கும் ஒரே ஒரு இழையைக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிவது போல மணக்கும், சாம்பலாகும். நைலானும் பாலியஸ்டரும் உருகி உருண்டையாகும்.

சீட்டு: பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆறு இலக்க எண் இருந்தால் அதற்குப் பிந்தையது. அதற்கு முன் தியாகராய நகர் 'மதராஸ்-17' மட்டுமே; பிறகுதான் 600017 ஆனது. (1939இல் தொடங்கிய நாயுடு ஹாலும் அந்தத் தி. நகரில்தான் பேர் வாங்கியது.) தமிழில் அச்சிட்டிருந்தால் லை, னை, றா போன்ற எழுத்துகளைப் பாருங்கள். இவற்றின் பழைய வடிவம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. ஆனால் பழைய அச்சுக்கட்டையைச் சிலர் பிறகும் பயன்படுத்தினார்கள். ஆகவே இது இரண்டாம் வகைச் சாட்சிதான்.

விலை: அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன். 'நயா பைசா' என்றால் 1957 ஏப்ரல் 1 முதல் 1964 மே முடிய. அதன் பிறகு வெறும் பைசா. இத்தனை குறுகிய எல்லையைத் தரும் அடையாளம் வேறு கிடைப்பது கஷ்டம்.

ரேந்தை: 1820களில் நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்களுக்குத் தலையணை ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடிக்குக் கொண்டு போனார். கையால் பின்னியதில் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் சிறு வித்தியாசம் தெரியும். இயந்திர ரேந்தையில் எல்லாம் அச்சு மாதிரி இருக்கும்.

பொத்தான்: சிப்பிப் பொத்தான் உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும். பின்பக்கம் சில சமயம் பழுப்புத் தோல் தெரியும். எங்கள் ஊர் சிப்பி என்று உடனே மகிழ வேண்டாம். மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி சிறியது, ஓடு மெலிது. பொத்தானுக்கு வேறு கடல்களின் தடித்த சிப்பிகள்தான் அதிகம் பயன்பட்டன. சூடான ஊசியால் குத்திச் சோதிக்கவே கூடாது, செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும்.

வண்ணான் குறி: சேங்கொட்டைச் சாற்றில் இட்ட கறுப்புக் குறி யார் வீட்டுத் துணி என்று சொல்லும். எந்த வருடம் என்று சொல்லாது.

எங்கள் பாடி என்ன சொன்னது?

துணி சுத்தப் பருத்தி. ரேந்தை இயந்திரத்தில் செய்தது. இடையன்குடி இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சீட்டில் 'மதராஸ்-17', பின்கோடு இல்லை, அடியில் பழைய 'லை'. முதுகுப் பக்க எலாஸ்டிக்கைத் தைத்த நூல் மட்டும் உருகியது, பாலியஸ்டர். அதை வைத்து முழுத் துணியும் பிந்தையது என்று முடிவு கட்டியிருப்பேன். நல்லவேளை, பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. எலாஸ்டிக் பிறகு மாற்றப்பட்டது! ஆடையின் கடைசி ரிப்பேருக்கு வயது சொல்லும் பாகத்தை ஆடையின் பிறப்புக்குச் சாட்சியாக்கக் கூடாது.

அட்டைப் பெட்டியில் 'ரூ. 2-75 ந.பை.' என்று முத்திரை. பெட்டி வேறு, துணி வேறாக இருக்கலாமே? ஆனால் கடைப் பெயரும் 34 என்ற அளவும் இரண்டிலும் ஒன்றே. ஆக, 1957க்கும் 1964க்கும் இடையில் வாங்கியது என்பது பெரும்பாலும் சரி. 1948 கல்யாணத்துக்கு வாங்கியது இல்லை.

அத்தையிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அம்பத்தொம்பதுலதான் அம்மா டீச்சர் வேலைக்குப் போக ஆரம்பிச்சா. மெட்ராசுக்கு ட்ரெய்னிங் போயிட்டு வந்தா" என்றார். சம்பளப் பணத்தில் வாங்கியதா என்று துணி சொல்லாது. ஆனால் யாரோ வாங்கிக் கொடுத்த கல்யாணத் துணி இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. கிழிந்த பிறகும் எலாஸ்டிக் மாற்றி வைத்துக் கொண்டாள் என்பதும் தெரிந்தது.

இப்போது அதைத் துவைத்த மல் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். இஸ்திரி போடவில்லை. குண்டூசி குத்தவில்லை. பாச்சை உருண்டை துணியில் படாமல் தனிப் பையில். கூடவே ஒரு தாளில் கிடைத்த இடம், நாள், அத்தை சொன்னது எல்லாம் எழுதி வைத்தாயிற்று. பெட்டியின் சாவி இப்போது அத்தையிடம். அடுப்பு பற்றிய பேச்சு அதன்பிறகு எழவில்லை.

உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.