கதிரும் நினைவும்

தில்லியிலோ மும்பையிலோ உள்ள பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில் சிறிது நேரம் நின்றால், 'சிகாயி' என்னும் இந்திச் சொல் நம் செவியில் பலமுறை விழும். ஒத்தடம் கொடுத்தல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். கதிர்ச் சிகிச்சைக்கு வடநாட்டு மக்கள் வழங்கும் பெயர் அது. நம் ஊர்ப்பக்கத்தில் இதனையே 'கரண்டு வைப்பது' என்பர். இரண்டும் உண்மைக்குச் சற்றுப் புறம்பான சொற்களே. இச்சிகிச்சையில் ஒத்தடத்தின் சூடும் இல்லை. நோயாளியின் உடலில் மின்சாரம் பாய்வதும் இல்லை. ஆயினும், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொற்களைக் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை. ஒன்றில் மக்களின் நம்பிக்கை இருக்கிறது. மற்றொன்றில் அவர்களுடைய அச்சம் இருக்கிறது.

அந்த நம்பிக்கையும் அச்சமும் மிகக் கூர்மையாக எதிர்ப்படும் இடம் ஒன்று உண்டு. "நோய் மூளைக்குப் பரவிவிட்டது, தலைக்குப் பத்து நாள் கதிர் கொடுக்கலாம்" என்று மருத்துவர் கூறும் இடம் அது. சொந்த ஊரைவிட்டு வெகுதொலைவில், பிறமொழி வழங்கும் நகரில், உறவினர் சூழாத நிலையில் அச்சொற்களைக் கேட்கும் குடும்பம், சில நிமிடங்களுக்குள் விடை சொல்ல வேண்டியதாகிறது. அந்தப் பத்து நாள் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? அதனால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன? எழுபது ஆண்டுகளாக மருத்துவ உலகம் இவ்வினாக்களுக்கு விடை தேடி வந்திருக்கிறது. அந்த வரலாற்றை இன்று ஒருவாறு காண்போம்.

முதலில் நோயின் இயல்பை அறிந்துகொள்வது நலம். நுரையீரல், மார்பகம், சிறுநீரகம், தோல் முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்றின் அணுக்கள் சில, குருதியோடு கலந்து மூளையை அடைந்து அங்கே வேரூன்றுகின்றன. இதனை மூளையில் தோன்றிய புற்று என்று கொள்ளலாகாது. நுரையீரலிலிருந்து வந்த அணு மூளையில் வளர்ந்தாலும் அது நுரையீரல் புற்றேயாகும். மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி. அதனுள் கட்டியும் அதனைச் சுற்றிய வீக்கமும் பெருகும்போது தலைவலி, வாந்தி, கைகால் தளர்ச்சி, வலிப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றுகின்றன.

ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1896-இல் பெக்கரல் கதிரியக்கத்தையும், 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தையும் கண்டறிந்தனர். எக்ஸ் கதிர் வெளிப்பட்ட சில மாதங்களுக்குள்ளேயே மருத்துவர்கள் அதனைப் புற்றின்மேல் செலுத்திப் பார்க்கத் தொடங்கினர். ஆனால் அக்காலத்துக் கதிருக்கு ஆழம் போதவில்லை. அதன் ஆற்றலின் பெரும்பகுதி தோலிலேயே தங்கிப் புண்ணாக்கியது. எலும்பு அதனை மிகுதியாக உறிஞ்சிக்கொண்டது. ஆகவே மண்டையோட்டினுள் பாதுகாப்பாக இருந்த மூளை, மருத்துவரின் கைக்கு எட்டாத கோட்டையாகவே நின்றது.

இதற்கிடையே பாரிஸ் நகரில் ரெகோ என்பவரும், அவர் வழியில் கூட்டார் என்பவரும் ஓர் அரிய உண்மையை நிலைநாட்டினர். கதிர் முழுவதையும் ஒரே முறையில் கொடுப்பதைவிடச் சிறுசிறு பங்குகளாகப் பல நாட்கள் கொடுத்தால், நல்ல அணுக்கள் தம்மைச் சீராக்கிக்கொள்ள இடமுண்டு. புற்றணுக்களுக்கோ அவ்வாற்றல் குறைவு என்பதே அது. இன்றும் நோயாளிகள் நாள்தோறும் மருத்துவமனைக்கு வந்துபோவதற்குக் காரணம் அந்தப் பழைய கண்டுபிடிப்பே.

ஆழத்தைப் பற்றிய இடர் 1951-ஆம் ஆண்டில் நீங்கியது. அவ்வாண்டில் கனடா நாட்டின் சாஸ்கட்டூன், லண்டன் ஆகிய இரு நகரங்களில் கோபால்ட்-60 கருவிகள் நிறுவப்பட்டன. அணுஉலையில் வைத்துக் கதிரியக்கம் ஊட்டப்பெற்ற கோபால்ட் உலோகம், பத்து லட்சம் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடைய காமா கதிரை வீசுவது. அக்கதிர் தன் முழு வலிமையையும் தோலின் மேற்பரப்பில் காட்டாமல், சிறிது ஆழத்தில் காட்டும். எலும்பிலும் வீணாகத் தங்காது. கருவியின் அமைப்போ எளியது. ஆதலால் அது விரைவில் பல நாடுகளுக்கும் பரவியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனைக்கும் 1950-களிலேயே கனடாவிலிருந்து கோபால்ட் கருவி வந்து சேர்ந்தது.

அதே 1954-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. சாவ், பிலிப்ஸ், நிக்சன் என்னும் மூன்று மருத்துவர்கள், மூளைக்குப் புற்று பரவிய 38 நோயாளிகளின் தலை முழுவதற்கும் எக்ஸ் கதிர் செலுத்திக் கண்ட பயனை அதில் தெரிவித்தனர். பாதிக்கு மேற்பட்டோருக்குத் துன்பம் தணிந்தது. நோய் தீர்ந்தது என்று அவர்கள் கூறவில்லை. துன்பம் தணிந்தது என்றே கூறினர். அந்த நேர்மை குறிப்பிடத்தக்கது. தலை முழுவதற்கும் கதிர் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. மூளையில் கட்டிகள் எத்தனை, அவை எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் காட்டும் கருவி அன்று இல்லை. கண்ணுக்குத் தெரியாத பகைவன் ஊரில் ஒளிந்திருக்கையில், ஊர் முழுவதையும் முற்றுகையிடுவது போன்ற முறை அது.

1961-ஆம் ஆண்டில் இவ்வரலாற்றில் ஒரு மாத்திரை நுழைந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் காலிசிச், பிரெஞ்ச் என்போரும் அவர்களுடைய துணைவரும், மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்தை டெக்சாமெதசோன் என்னும் மருந்து விரைவில் வற்றச் செய்வதைக் கண்டறிந்தனர். படுக்கையில் நினைவு மங்கிக் கிடந்தவர்கள் ஓரிரு நாட்களில் எழுந்து பேசினர். விலை மலிவான இம்மருந்து பின்னர் ஒரு பெரிய வினாவை எழுப்பப்போவதை அன்று யாரும் எண்ணியிருக்க இயலாது.

1970-களில் அமெரிக்க மருத்துவமனைகள் பல ஒன்றுகூடி, எத்தனை நாள், எவ்வளவு கதிர் என்னும் கணக்கைச் சோதித்தன. ஒரு வாரத்தில் முடியும் முறை முதல் நான்கு வாரம் நீளும் முறை வரை பலவற்றை ஒப்புநோக்கியதில், நோயாளிகள் வாழ்ந்த காலத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நீண்ட சிகிச்சையால் பயன் மிகவில்லையாயின், எஞ்சியுள்ள சில மாதங்களில் பல வாரங்களை மருத்துவமனையில் கழிப்பானேன்? இவ்வாறாகவே 30 கிரே அளவுள்ள கதிரைப் பத்துப் பங்காக்கி இரண்டு வாரங்களில் கொடுத்து முடிக்கும் வழக்கம் நிலைபெற்றது. மருத்துவர் கூறும் 'பத்து நாள்' பிறந்த கதை இதுதான்.

இதன் பின்னர் இரண்டு நிகழ்ச்சிகள் போக்கையே மாற்றின. 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில், ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. கருவி முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. ஒளிந்திருந்த பகைவன் கண்ணுக்குத் தென்பட்டான். மற்றொன்று துயரமானது. 1989-இல் நியூயார்க் மருத்துவர் டி ஏஞ்சலிஸ் என்னும் பெண்மணியும் உடனிருந்தோரும், தலை முழுவதும் கதிர் பெற்ற 12 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்கள் புற்றுக்குத் தப்பிப் பல மாதங்கள் வாழ்ந்தவர்கள். ஆனால் நாளடைவில் அவர்களுடைய நினைவும் அறிவும் சிதைந்தன, நடையும் தளர்ந்தது. அவர்கள் பெற்ற ஒருநாள் பங்கின் அளவு மிகுதியாக இருந்தது ஒரு காரணம். எனினும் அக்கட்டுரை எழுப்பிய வினா அதனோடு முடிந்துவிடவில்லை. ஆயுளை நீட்டிக்க முயலும்போது, அந்த ஆயுளை வாழவேண்டியவரின் நினைவுக்கு என்ன நேர்கிறது என்று அதுவரை அளந்து பார்த்தோர் மிகச் சிலரே.

ஊரை முற்றுகையிடாமல் பகைவனை மட்டும் தாக்கும் உபாயமோ வெகுமுன்னரே ஸ்வீடன் நாட்டில் உருவாகியிருந்தது. ஸ்டாக்ஹோம் நகர மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-ஆம் ஆண்டிலேயே, கத்தியின்றிக் கதிரால் அறுவை செய்யும் எண்ணத்தை வெளியிட்டார். 1960-களின் பிற்பகுதியில் அவரும் இயற்பியலார் லார்சனும் 'காமா கத்தி' என்னும் கருவியை அமைத்தனர். அதில் 179 கோபால்ட் மூலங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் வரும் கதிர் மெல்லியது. அது கடந்துசெல்லும் வழியில் தீங்கு சிறிதே. எல்லாக் கதிர்களும் சந்திக்கும் ஒரு புள்ளியில் மட்டும் அவற்றின் வலிமை ஒன்றுசேர்கிறது. பூதக்கண்ணாடியால் வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும் சிறுவனின் விளையாட்டை இங்கு நினைத்துக்கொள்ளலாம். லெக்செல் இதனைப் பரவிய புற்றுக்கென்று படைக்கவில்லை. தீராத வலி, நடுக்கம் முதலியவற்றை மனத்திற்கொண்டே படைத்தார். மூளையைத் துல்லியமாகக் காட்டும் படக்கருவிகள் பெருகிய பின்னரே, பரவிய கட்டிகளுக்கும் இது பெருமளவில் பயன்படலாயிற்று.

அப்பொழுது புதிய வழக்கு எழுந்தது. சில கட்டிகளே இருப்பின், அவற்றை மட்டும் தாக்கினால் போதுமா, தலை முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டுமா? 2006-இல் ஜப்பானியர் 132 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், முழுக் கதிரைச் சேர்த்ததால் வாழ்நாள் நீளவில்லை எனத் தெரிந்தது. ஆனால் அதனைச் சேர்க்காதவர்களுக்கு மூளையில் புதிய கட்டிகள் தோன்றுவது மிகுந்திருந்தது. 2009-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வு 58 நோயாளிகளோடு இடையிலேயே நிறுத்தப்பட்டது. நான்கு மாதங்களுக்குப் பின் கற்கும் திறனும் நினைவும் குன்றும் வாய்ப்பு, முழுக் கதிரும் பெற்றவர்களிடம் நூற்றுக்கு 52 என்றும், குறிவைத்த கதிர் மட்டும் பெற்றவர்களிடம் 24 என்றும் கணக்கிடப்பட்டதே காரணம். ஆகவே கட்டிகள் சிலவாக இருப்பின் குறிவைத்துத் தாக்குவதும், பின்னர் அடிக்கடி படமெடுத்துக் கண்காணிப்பதும் வழக்கமாகி வந்திருக்கின்றன.

கட்டிகள் பலவாகி, நோயாளியும் தளர்ந்திருந்தால்? 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய ஆய்வு இவ்வினாவை நேராக எதிர்கொண்டது. நுரையீரல் புற்று மூளைக்குப் பரவி, அறுவைக்கோ குறிவைத்த கதிருக்கோ ஏற்ற நிலையில் இல்லாத 538 பேர் அதில் இடம்பெற்றனர். பாதிப்பேருக்கு டெக்சாமெதசோனும் பராமரிப்பும் மட்டும். மற்றையோருக்கு அவற்றோடு முழுக் கதிரும் கொடுக்கப்பட்டன. நடுத்தர வாழ்நாள் கதிர் பெற்றோருக்கு 9.2 வாரம், பெறாதோருக்கு 8.5 வாரம். வாழ்க்கைத் தரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1961-இன் எளிய மாத்திரை, இவ்வாறு, கதிரின் பக்கத்தில் சரிசமமாக வந்து நின்றது. இதனைக் கொண்டு எல்லோருக்கும் கதிர் வீண் என்று முடிவுகட்டுவது தவறு. அந்த ஆய்வு ஒருவகைப் புற்றுக்கும், மிகத் தளர்ந்த நிலைக்கும் உரியது.

முழுக் கதிர் தேவைப்படுவோருக்கும் நினைவைக் காக்கும் வழி பின்னர்க் கிடைத்தது. மூளையினுள் கடற்குதிரை வடிவில் ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதி உண்டு. புதியவற்றை மனத்தில் பதிப்பது அதன் பணி. அப்பகுதியை மட்டும் கதிர் தவிர்த்துச் செல்லுமாறு செய்து, மெமான்டின் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அறிவுத்திறன் குன்றுவது குறைகிறது என்று 518 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2020-இல் காட்டியது. புற்றின் வகையைப் பொறுத்து, மூளைக்குள் புகுந்து செயற்படும் மாத்திரைகள் சிலவும் இப்பொழுது உள்ளன. அவை பயன்தருமிடத்துக் கதிரைத் தள்ளிவைக்கவும் முடிகிறது.

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. இன்னும் அதிகம், இன்னும் வலிமை என்று தொடங்கிய முயற்சி, எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்னும் ஆராய்ச்சியாக மாறிவிட்டது. முதலில் கதிர் எட்டுமா என்று கேட்டார்கள். பிறகு நாட்கள் கூடுமா என்று கேட்டார்கள். இன்று, அந்நாட்களில் மகளின் பெயர் அவருக்கு நினைவிருக்குமா என்று கேட்கிறார்கள்.

ஆகவே அந்தத் தாழ்வாரத்தில் நிற்கும் குடும்பத்தார் தயங்காமல் கேட்கத்தக்க வினாக்கள் சில உண்டு. கட்டிகள் எத்தனை? உடலின் பிற இடங்களில் நோய் அடங்கியிருக்கிறதா? குறிவைத்த கதிருக்கு இடமுண்டா? இல்லையெனில் நினைவுப் பகுதியைத் தவிர்க்க இயலுமா? மாத்திரையும் பராமரிப்புமே இவருக்குப் போதுமா? இந்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்க வராவிட்டால், அண்டைவீட்டுத் தமிழர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் குறைவொன்றுமில்லை. மருத்துவரின் விடைகளைத் தமிழில் எழுதிவைத்துக்கொள்வது பின்னர் மிகவும் உதவும்.

இன்னும் ஒன்று. இவ்வினாக்களைப் பெரும்பாலும் நோயாளிக்குத் தெரியாமல், அறைக்கு வெளியே நின்று கேட்பதே நம் வழக்கம். அன்பினால் அவ்வாறு செய்கிறோம். ஆயினும் எந்த நினைவைக் காப்பதற்காக இத்துணை அறிஞர்கள் இத்துணை ஆண்டுகள் பாடுபட்டனரோ, அந்த நினைவுக்கு உரியவர் அறையினுள் இருக்கிறார். எஞ்சியுள்ள நாட்களை எங்கே, எவ்வாறு கழிக்க விரும்புகிறார் என்று, அவர் சொல்ல வல்லவராக இருக்கும்போதே அவரிடம் கேட்டுவிடுவது நம் கடமை.