உத்தம சோழரும் என் பேத்தியும்

பொங்கல் லீவுக்குப் பேத்தி வந்திருந்தாள். பன்னிரண்டு வயது. வந்த அன்றே, "தாத்தா, உங்க டிவில பிரைம் இருக்கா?" என்றாள். இருக்கிறது, மகன் உபயம். மூன்று நாளில் "பொன்னியின் செல்வன்" இரண்டு பாகத்தையும் பார்த்து முடித்தோம். எனக்கு இது மூன்றாவது தடவை, அவளுக்கு முதல் தடவை. என் மனைவிக்கு எத்தனையாவது தடவை என்று தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணயர்ந்துவிட்டு, "இவன் யாரு?" என்று கேட்டுக்கொண்டே பார்த்தாள்.

படத்தைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜெயராமின் ஆழ்வார்க்கடியானுக்கு முதல் மார்க். கார்த்திக்கு இரண்டாவது. மணிமேகலையைக் காணவே காணோம், அதற்குப் பத்து மார்க் குறைப்பு. சேந்தன் அமுதன் இருக்கிறான், ஆனால் அவன் பிறப்பு ரகசியத்தை அப்படியே தூக்கிவிட்டார்கள். கல்கி ஐந்து பாகம் முழுக்கக் கட்டிக் காப்பாற்றிய வெடியை நமத்துப்போக விட்டது மாதிரி எனக்குப் பட்டது. ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்பதும் புரிகிறது. 1950-களின் கடைசியில் எம்.ஜி.ஆர். இதை எடுக்கப் பார்த்து முடியாமல் போனது. 1999-ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் மேஜிக் லான்டர்ன் குழுவினர் நாடகமாகவே போட்டுக் காட்டினார்கள். அந்த நாடகத்தை எழுதிய குமரவேல் இந்தப் படத்தின் திரைக்கதையிலும் இருக்கிறார்.

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: "நிஜத்துல கரிகாலனைக் கொன்னது யாரு தாத்தா?"

"புத்தகத்துல படிச்சுக்கோ" என்று தப்பித்திருக்கலாம். ஆனால் கல்கியே கடம்பூர் மாளிகையில் விளக்கை அணைத்துவிட்டல்லவா அந்தக் காட்சியை எழுதியிருக்கிறார்! அதனால் அலமாரியிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்தேன்.

முதலில் அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1950 அக்டோபர் கடைசியில் "கல்கி" இதழில் தொடர் ஆரம்பித்து 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை வருடம். என் அம்மா ஒரு வாரம் விடாமல் பக்கங்களைக் கிழித்து, சாக்குத் தைக்கிற ஊசியால் தைத்து வைத்தாள். அப்பா அதைக் காலிகோ பைண்டிங் போட்டு ஐந்து தொகுதியாக்கினார். மணியத்தின் படங்கள், பின்பக்கத்தில் தலைவலித் தைலம், சோப்பு விளம்பரம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். நான் வந்தியத்தேவனைச் சந்தித்தது அந்தத் தொகுதிகளில்தான். 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூருக்குள் வந்தபோது அவை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு மொட்டைமாடியில் ஒரு வாரம் காயவைத்தேன். ஐந்தும் ஐந்து செங்கல் மாதிரி ஆகிவிட்டன. பழைய பேப்பர்காரர்கூட எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வேணாம் சார்" என்று வைத்துவிட்டுப் போனார். நோட்டுகள் மேல்தட்டில் இருந்ததால் பிழைத்தன. இப்போது வீட்டில் இருப்பது நாவல் நாட்டுடைமை ஆன பிறகு வந்த மலிவுப் பதிப்பு.

சரி, கொலைக்கு வருவோம்.

சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பது கதையல்ல. கல்லில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய 987. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகிய உடன்பிறந்தாரின் பெயரைச் சொல்கிறது. அவர்களுடைய சொத்து மட்டுமல்ல, பிள்ளைகள், மாமன்மார், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் வரை எல்லார் சொத்தும் பறிமுதல். இதைப் படித்ததும் என் மனைவி தூக்கம் கலைந்து, "சம்பந்தி என்ன பாவம் பண்ணினான்?" என்றாள். நியாயமான கேள்வி.

ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று ஒரு பட்டம் உண்டு. பிரமாதிராஜன் என்பது அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த பிராமணர்களுக்குக் கொடுக்கும் பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் கரிகாலன். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டால் பாண்டியனுக்காகப் பழிவாங்கும் கூட்டம் ஒன்று கிடைத்துவிடுகிறது. கல்கியின் ஆபத்துதவிகள் பிறந்தது அப்படித்தான் இருக்கவேண்டும். நந்தினி மட்டும் கல்வெட்டில் கிடையாது. அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் கைச்சரக்கு.

பேத்தி விடவில்லை. "அப்போ ரவிதாசன்தான் வில்லன். கேஸ் குளோஸ்."

குளோஸ் ஆகவில்லை. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி என்ற பெரிய சரித்திர ஆசிரியர் 1935-ல் சோழர்களைப் பற்றிய தன் புத்தகத்தில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். கரிகாலன் போன பிறகு பட்டம் யாருக்கு வந்தது? தம்பி அருள்மொழிக்கு அல்ல, சித்தப்பா முறையான உத்தம சோழருக்கு. திருவாலங்காட்டுச் செப்பேடு, மக்கள் கேட்டும் அருள்மொழி மறுத்தான், சித்தப்பாவுக்கு ஆசை இருக்கும் வரை தனக்கு ராஜ்யம் வேண்டாமென்றான் என்கிறது. உத்தம சோழர் 985 வரை ஆண்டார். கொலைகாரர்கள் மீது நடவடிக்கை என்று நமக்குக் கிடைப்பதோ அதற்கப்புறம் வந்த ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தார்? ஆதாயம் யாருக்கோ அவர்தானே செய்திருக்க வேண்டும்? சாஸ்திரியின் வாதம் ஏறக்குறைய இதுதான்.

கேட்டால் சரியாகத்தான் தோன்றுகிறது. எனக்கும் ரொம்ப நாள் தோன்றியது.

ஆனால் சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. உத்தம சோழருக்கு இதில் பங்கு இருந்திருந்தால், ராஜராஜன் அவருடைய மகன் கண்டராதித்தனைக் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பில் வைத்திருப்பானா? அண்ணனைக் கொன்றவன் பிள்ளையை யாராவது பக்கத்தில் வைத்துக்கொள்வார்களா? உத்தம சோழரின் தாய் செம்பியன் மாதேவியையும் கடைசி வரை அந்தக் குடும்பம் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. இன்னொன்று: அந்தக் கல்வெட்டு தண்டனைத் தீர்ப்பு அல்ல. பறிமுதலான நிலம் கைமாறியதைச் சொல்லும் பத்திரம். பறிமுதல் எப்போது தொடங்கியது, கொலையாளிகள் எப்போது பிடிபட்டார்கள் என்று அது பேசவே இல்லை. சார்பதிவாளர் ஆபீஸ் பத்திரத்தை வைத்து செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு எழுத முடியுமா?

நான் பண்டாரத்தார் கட்சி. அதற்குப் புத்தகம் மட்டும் காரணமில்லை.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் முக்கியமான கோப்பு ஒன்று காணாமல் போயிற்று. சூப்பிரண்டெண்டை சஸ்பெண்ட் செய்தார்கள். அடுத்த சீனியர் அந்த நாற்காலிக்கு வந்தார். யாரும் ஒன்றும் விசாரிக்கவில்லை, ஆனால் மதியச் சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆதாயம் அவருக்குத்தானே! நானும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டேன். மூன்று வருடம் கழித்து வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது, பின்னால் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே கோப்பு செருகிக் கிடந்தது. அதற்குள் அவர் மாற்றலாகி வெளியூர் போய்விட்டார்.

"நீங்க போய் சாரி சொன்னீங்களா தாத்தா?"

இல்லை. ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். எழுதவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து முடிசூட்டும் காட்சியை மறுபடி போட்டாள். ரகுமான்தான் படத்தில் மதுராந்தகர். முதல் தடவை பார்த்தபோது அவரைப் பார்த்தாலே மூஞ்சியைச் சுளித்தவள், இந்தத் தடவை சுளிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவளை மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஆட்டோவில் போனால் கொஞ்ச நேரம்தான். சுந்தர சோழர் காலத்தில் எழுந்த கோயில் என்று ஊரில் சொல்வார்கள். யானை படுத்திருக்கிற மாதிரி பின்பக்கம் வளைந்த கருவறை, தூங்கானை மாடம் என்று பெயர். தொல்லியல் துறை நன்றாகவே வைத்திருக்கிறது. பேத்தி சுவர்க் கல்வெட்டுகளைத் தடவிப் பார்த்து, "இதுல யாரு பேர் இருக்கு?" என்றாள். எனக்கு நாலைந்து எழுத்துக்கு மேல் படிக்க வரவில்லை. அங்கே இருந்த வயதானவர் ஒருவர், "படத்துல பிரகாஷ்ராஜ் வருவாரே, அவர் கட்டின கோயிலும்மா" என்று சுலபமாக முடித்துவிட்டார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வரும்போது ஆட்டோவில் இன்னொன்று சொன்னேன். கதையின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வருகிறானே, அந்த வீரநாராயண ஏரிதான் வீராணம். சென்னைக்குக் குடிதண்ணீர் வருகிற ஏரி. கொலையாளிகள் பெயர் பொறித்த உடையார்குடி அதன் பக்கத்திலேயே இருக்கிறது. கல்கி கதையை அந்தக் கரையில் ஆரம்பித்தது எதேச்சையாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மணியத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியவர் அவர்.

"அந்தக் கல்வெட்டை நேர்ல பாக்கலாமா தாத்தா?"

பார்க்கலாம். தாம்பரத்தில் ரயில் ஏறினால் சிதம்பரம், அங்கிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ். ஆடிப் பதினெட்டுக்குப் போவதாகப் பேச்சு. அவள் அம்மா, ஸ்கூல் இருக்கும், லீவு போடக் கூடாது என்கிறாள். என் மனைவி, போகிறது போகிறோம், சித்ரான்னம் கட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறாள். டிக்கெட் இன்னும் போடவில்லை. அதற்குள் அம்மாவின் பழைய தொகுதிகளில் ஒன்றாவது மாதிரி எங்காவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1950-54 "கல்கி" பைண்டிங், மணியம் படங்களுடன். யாரிடமாவது இருந்தால் விலைக்கு வேண்டாம், இரண்டு நாள் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். மேல்தட்டில்தான் வைப்பேன்.