ஒளியும் ஐயமும்



ஒருவன் நல்லவனா, தீயவனா என்று நாம் தீர்மானிப்பதற்கு முன்பே, அவன் முகத்தில் விழும் ஒளி நமக்காகத் தீர்மானித்துவிடுகிறது. திரைப்படத்திற்கு வாய்த்த இவ்வல்லமையைப் பற்றிச் சேலத்தை முன்வைத்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

படப்பிடிப்புத் தளத்தில் நடிகரின் முகத்திற்குப் பெரிய விளக்கொன்று ஒளி தரும். அதனால் எழும் நிழலை நீக்க, மறுபுறத்தில் சிறு விளக்கொன்று வைப்பர். அந்தச் சிறு விளக்கை அணைத்துவிட்டால் முகத்தில் ஒரு பாதி மறைந்துபோகும். மறைந்த பாதியைக் காண்போர் மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஐயம் பிறக்கும் இடம் அதுதான். விளக்கைத் தரையருகே இறக்கினாலோ, நிழல்கள் மேல்நோக்கி ஏறிப் பழகிய முகமும் அச்சம் தரும்.

இக்கலை 1920-இல் வெளிவந்த 'டாக்டர் காலிகாரி' போன்ற ஜெர்மானியப் படங்களில் தழைத்தது. பின்னர் ஹாலிவுட் சென்று குற்றக் கதைகளில் குடியேறியது. அப்படங்களுக்குக் 'கறுப்புப் படம்' என்று பொருள்படும் பெயரை 1946-இல் பிரெஞ்சு விமர்சகர்கள் வழங்கினர்.

சேலத்திற்கு ஜெர்மானியத் தொழில்நுட்பம் அதற்கு முன்னரே வந்துவிட்டது. லீட்ஸ் நகரில் நெசவுக் கல்வி பயின்ற திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1938-இல் அந்நிறுவனம் எடுத்த 'பாலன்', மலையாளத்தின் முதற் பேசும் படம். அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் ஒரு ஜெர்மானியர்.

1950-இல் சுந்தரமே இயக்கிய 'திகம்பர சாமியார்', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவியது. அதில் எம். என். நம்பியார் வேடத்தின்மேல் வேடம் புனைந்து உண்மையைத் துப்பறிகிறார். முகத்தை மறைப்பவனே அங்கு நீதியின் பக்கம் நிற்கிறான்! அதே நடிகரைப் பிற்காலப் படங்கள் பல ஆண்டுகள் வில்லனாகவே காட்டின. திரைக்கு வெளியிலோ அவர் ஐயப்ப பக்தர்கள் போற்றிய குருசாமி.

1954-இல் சென்னையில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இவ்வொளிக்கலையை உச்சத்திற்குக் கொண்டுசென்றது. பாட்டில்லை, நடனமில்லை. வானொலிப் பொறியாளர் ஒருவர் கொல்லப்படுகிறார், ஐவர்மீது ஐயம். மாருதி ராவின் ஒளிப்பதிவில் அவ்வைவரையும் நிழல் தொடுகிறது. ஆனால் கொலை செய்தவர் ஒருவரே. மற்ற நால்வரையும் ஐயுற்றோமே, அதற்கு நம்மிடம் இருந்த சான்று யாது? பெரும்பாலும் நிழல்தானே!

கொட்டகையில் இது இன்பம். ஊரிலும் வழக்குமன்றத்திலும் இதுவே அநீதி. ஏற்காடு சாலையில் இன்று அந்த நிலையத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. படங்கள் வாழ்கின்றன. அடுத்த முறை அவற்றைக் காணும்போது, இருண்ட முகத்தைக் கண்டு அஞ்சுமுன், எந்த விளக்கை அணைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அப்பழக்கம் திரைக்கு வெளியிலும் நமக்குப் பயன்படும்.